தரைப்பாலம் ஏன் திரும்பத் திரும்ப உடையுது? தண்ணிக்கு மட்டும் வழி விட்டா போதுமா?

கேள்வி, அக்டோபர் 18

ஓடையைக் கடக்குற தரைப்பாலம். நாலு ஹியூம் பைப் (கான்கிரீட் குழாய்) வரிசையா வச்சு மேல கான்கிரீட் போட்டது. பெரிய வெள்ளம் வந்தாலே ஒரு பக்கம் பிச்சிக்கிட்டு போயிடுது. சரி பண்றாங்க, அடுத்த வெள்ளத்துக்கு மறுபடியும் அதே கதை. பைப் சின்னது, பெரிய பைப்பா போட்டா பிரச்சனை முடிஞ்சுதுங்கிறது என் வாதம். தண்ணி போக வழி இருந்தா பாலம் ஏன் உடையப் போகுது?

அக்டோபர் 18, இரவு 9.50

பாதிதான் சரி. பைப் சின்னதா இருக்கலாம், ஆனா ஓடையில வர்றது தண்ணி மட்டும் இல்லையே. மணல் வருது, சரளை வருது, தலை சைஸ் கல்லு உருண்டு வருது, வேரோட பிடுங்கின மரம் வருது. பாலம் போட்டவங்க தண்ணிக்கு கணக்கு போட்டிருப்பாங்க, கல்லு எந்த வழியா போகும்னு யாரும் கேட்டிருக்க மாட்டாங்க. ரோடு பராமரிப்பு வேலையில பல வருஷம் இருந்திருக்கேன், வெள்ளம் வடிஞ்ச மறுநாள் உடைஞ்ச தரைப்பாலத்துல போய் நிக்குறது அந்த வேலையில பெரும் பங்கு. பைப் வாயில கட்டை அடைக்காம, மண்ணு மூடாம, வெறும் தண்ணி அளவு தாங்காமயே உடைஞ்ச பாலத்தை நான் பாத்தது ரொம்ப குறைவு.

ரெண்டு விஷயம் சொல்லுங்க. உடையுறது பைப் இருக்குற இடமா, இல்ல அதுக்குப் பக்கத்துல ரோடு ஏறுற மண் கரையா? தண்ணி வெளிய விழுற கீழ்ப்பக்கத்துல பள்ளம் எவ்வளவு? இது தெரியாம பைப் சைஸ் பேசி பிரயோஜனம் இல்ல.

அக்டோபர் 19, காலை 6.30

பதில் பாத்தேன். பைப் நாலும் அசையாம இருக்கு, போனது இடது பக்க ஏத்தம், அதாவது ரோடு ஏறுற மண் கரை. அப்படித்தான் இருக்கும்னு நினைச்சேன்.

நடக்குறது இதுதான். தண்ணி ஏற ஆரம்பிச்ச கொஞ்ச நேரத்துல ஒரு மரத்துண்டு வந்து ரெண்டு பைப் வாய்க்கு குறுக்க மாட்டிக்கும். அதுல சின்னக் கிளை சிக்கும், கிளையில இலை தழை சிக்கும், இப்போ அது ஒரு தட்டி ஆயிடுச்சு. மேல்பக்கம், அதாவது தண்ணி வர்ற பக்கம், தண்ணி தேங்குது, தேங்கினா வேகம் குறையுது, வேகம் குறைஞ்ச இடத்துல அதுவரைக்கும் உருண்டு வந்த கல்லும் சரளையும் அப்படியே உக்காந்துடுது. வாய்க்கு முன்னாடி திட்டு வளருது, இன்னும் அடைக்குது, இன்னும் தேங்குது. ஒண்ணு இன்னொண்ணை வளர்த்துவிடுது, நடுவுல நிறுத்த ஆள் கிடையாது. கடைசியில தண்ணி ரோட்டு மேல ஏறுது. ஏறினா எங்க போகும்? ரோட்டுல எது தாழ்வோ அங்க. அந்தத் தாழ்வு கான்கிரீட் மேல இருந்தா பரவாயில்ல, வெறும் மண் கரையில இருந்தா ராத்திரிக்குள்ள கரை காலி. விடிஞ்சு போய் பாத்தா பைப்பும் கான்கிரீட்டும் நடு ஓடையில தனியா நிக்கும், தண்ணி பக்கத்துல புதுசா வெட்டின வழியில ஓடும்.

இதைப் பாத்துட்டு "பாலம் கெட்டி, கரைதான் வீக்"னு முடிவு பண்ணி கரையை கான்கிரீட்ல கட்டுவாங்க. அடுத்த வெள்ளத்துல எதிர்க்கரை போகும்.

அக்டோபர் 19, மதியம் 1.15

"கல்லு எல்லாம் உருளுமா, கூழாங்கல்லு வேணா வரும்"னு ஒருத்தர் எழுதியிருக்கார். வாங்க, கணக்கே போட்டுடலாம்.

1936-ல ஷீல்ட்ஸ்ங்கிறவர் பெர்லின்ல ஆராய்ச்சி பண்ணி ஒரு அளவுகோல் கொடுத்தார், இன்னைக்கும் படுகை மண் நகர்வுக்கு அதுதான் அடிப்படை. தண்ணி தரையை இழுக்குற விசை ஆழத்தையும் சரிவையும் பொறுத்தது, அந்த விசையை கல்லோட எடை எதிர்த்து நிக்குது. சாதாரண பாறைக் கல்லுக்கு சுருக்கி எழுதினா, மீட்டர்ல தண்ணி ஆழம், அதை சரிவால பெருக்கி, அதை 13-ஆல பெருக்கினா, உருள ஆரம்பிக்குற கல்லோட விட்டம் சுமாரா மீட்டர்ல வந்துடும். ஓடை 100 மீட்டருக்கு 1 மீட்டர் இறங்குது, வெள்ளம் 1 மீட்டர் ஆழம் ஓடுதுன்னு வைங்க. 1 × 0.01 × 13 = 0.13. அதாவது 13 செ.மீ கல்லு. 2 மீட்டர் ஆழம் வந்தா 26 செ.மீ, அது தலையை விட பெருசு. மலையடிவாரத்துல சரிவு 3, 4 சதவீதம் இருக்குற ஓடையில என்ன வரும்னு நீங்களே போட்டுப் பாருங்க.

இன்னொண்ணு, கல்லு தண்ணிக்குள்ள இருக்கும்போது அதோட எடையில மூணுல ஒரு பங்குக்கு மேல குறைஞ்சிடுது, பாறையோட அடர்த்தி தண்ணியை விட 2.65 மடங்குதானே. கரையில ரெண்டு பேர் சேர்ந்து புரட்ட முடியாத கல்லை வெள்ளம் புரட்டுறதுக்கு இதுவும் ஒரு காரணம்.

ஹாப்கின்ஸ்னு 19-ம் நூற்றாண்டு ஆள் ஒருத்தர் சொன்ன பழைய விதியும் இருக்கு. வேகம் ரெண்டு மடங்கானா, நகர்த்தக்கூடிய கல்லோட எடை 64 மடங்கு. ரெண்டை ஆறு தடவை பெருக்கின கணக்கு. அதனாலதான் நிறைய சின்ன மழையில ஒண்ணும் ஆகாத பாலம் ஒரே ராத்திரியில போயிடுது.

அக்டோபர் 19, இரவு 10.20

மதியம் போட்ட கணக்குக்கு ஒரு நிபந்தனை சேர்க்கணும். அது ஏறக்குறைய ஒரே சைஸ் கல்லு பரவிக்கிடக்குற தரைக்கு. நிஜ ஓடையில பெருசும் சிறுசும் கலந்து கிடக்கும், பெரிய கல்லுக்குப் பின்னாடி ஒளிஞ்ச சின்னக் கல்லு கணக்குப்படி உருளாது, தனியா துருத்திக்கிட்டு நிக்குற பெரிய கல்லு கணக்குக்கு முன்னாடியே உருண்டுடும். அதனால 13 செ.மீ-ன்னு வந்தா அதை ஒரு மதிப்பீடா எடுத்துக்கோங்க, கோடு கிழிச்ச எல்லையா எடுத்துக்காதீங்க.

அக்டோபர் 21, காலை 8.05

"வெள்ளம் முடிஞ்சதும் பொக்லைன் விட்டு ஓடையை மேல 50 மீட்டர், கீழ 50 மீட்டர் சுத்தமா வாரிட்டா போதுமே"ன்னு யோசனை வந்திருக்கு. இது எனக்கு கோபமே வர்ற விஷயம், அதனால கொஞ்சம் நீளமா எழுதுறேன்.

சரளை ஓடைக்குப் போய் தரையில மேலாப்புல கிடக்குற கல்லைக் கையால ஒரு முழத்துக்கு விலக்கிப் பாருங்க. மேல பெரிய கல்லு அடுக்கு ஒண்ணு, ஒரு கல்லு கனம்தான் இருக்கும். அதுக்குக் கீழ மணலும் பொடிச் சரளையும். பல வருஷமா சின்ன வெள்ளங்கள் பொடியை மட்டும் அரிச்சு எடுத்துட்டு பெருசை விட்டுவச்சதால அமைஞ்ச அடுக்கு அது. அதை கவச அடுக்குன்னு சொல்லுவோம். கல்லு எல்லாம் ஒண்ணு மேல ஒண்ணு சாய்ஞ்சு, தட்டையான முகம் மேல்பக்கமா சரிஞ்சு படுத்திருக்கும், ஓட்டம் அதை அமுக்குமே தவிர தூக்காது. ஓடை தனக்குத்தானே போட்டுக்கிட்ட பூட்டு.

பொக்லைன் ஒரே நாள்ல அதை உடைச்சிடும். அடுத்த வெள்ளம், சின்னதா இருந்தாலும், திறந்து கிடக்குற பொடிச் சரளையை மொத்தமா அள்ளிக்கிட்டு வந்து பைப் வாயிலயே கொட்டும். கீழ்ப்பக்கம் வாரின பள்ளம் இன்னும் மோசம். பள்ளத்தோட மேல் விளிம்பு வெட்டுண்டு வெட்டுண்டு மேல நோக்கி நகரும், நகர்ந்து பாலத்தோட அடிக்கே வந்து சேரும். கீழ மணல் அள்ளுற இடம் இருந்தாலும் இதேதான், அள்ளுறது ரொம்ப தள்ளி நடந்தாலும் வெட்டு மேல ஏறி வந்துடும்.

வாயில அடைச்சதை எடுக்கணும், அது வேற. பைப் வாய், அதுக்கு முன்னாடி அடைப்பால சேர்ந்த திட்டு, அவ்வளவுதான். எடுத்த கல்லை லாரியில ஏத்தி அனுப்பாம கீழ்ப்பக்கப் பள்ளத்துல போடுங்க. வெள்ளம் அங்க கொண்டுபோய் சேர்த்திருக்க வேண்டிய கல்லுதான் அது.

அக்டோபர் 21, காலை 8.40

கல்லு இல்லாத களிமண் ஓடை பத்தி கேட்டிருந்தாங்க. 1935-ல ஹூல்ஸ்ட்ரோம் ஸ்வீடன்ல போட்ட வரைபடம் ஒண்ணு இருக்கு, அதுல சுலபமா அரிபடுறது களிமண் இல்ல, மெல்லிய மணல். களிமண் துகள் மணலை விட பல மடங்கு சின்னது, ஆனா ஒண்ணோட ஒண்ணு ஒட்டிக்கிட்டு இருக்குறதால பெயர்க்க சரளைக்குத் தேவையான அளவு வேகம் வேணும். ஆனா ஒரு தடவை பெயர்ந்துட்டா தண்ணி கிட்டத்தட்ட நிக்குற வரைக்கும் படியவே படியாது. அதனால களிமண் ஓடையில வாய் அடைக்குறது கட்டையும் தழையுமா இருக்கும். கரை கரைஞ்சு போகாம பொத்துனு துண்டு துண்டா சரியும்.

அக்டோபர் 24, இரவு 11.30

வெள்ள ராத்திரியில ஓடைக் கரையில, நல்லா தள்ளி மேட்டுல, நின்னிருக்கீங்களா? தண்ணி சத்தம் ஒரே இரைச்சலா இருக்கும், காது பழகிடும். அதுக்கு அடியில இன்னொரு சத்தம் வரும், டொக், டொக், டொடொக்னு. காதுல கேக்குறதுக்கு முன்னாடி உள்ளங்காலுக்குத் தெரியும். கல்லு தரையில மோதிக்கிட்டு போற சத்தம் அது. அந்தச் சத்தம் முதல் தடவை கேட்டப்போ பக்கத்துல நின்ன மூத்த மேஸ்திரி சொன்னார், "பாலம் இப்போதான் அடி வாங்குது"ன்னு. ஸ்விட்சர்லாந்துல ஓடைத் தரையில இரும்புத் தகடு பதிச்சு, அடியில அதிர்வுமானி வச்சு, இந்த மோதலை எண்ணியே எவ்வளவு கல்லு போகுதுன்னு கணக்கிடுறாங்க. படிச்சப்போ அந்த மேஸ்திரி ஞாபகம்தான் வந்துச்சு, அவர் காலே அந்தத் தகடு.

தண்ணி வடிஞ்ச பிறகு கான்கிரீட் மேல கை வச்சுப் பாருங்க. மேல்பக்க விளிம்பு உருண்டு வழவழன்னு இருக்கும், நடுவுல நீள நீளமா குழிஞ்சிருக்கும், ஜல்லி தனித்தனியா துருத்தும், இன்னும் தேய்ஞ்சா கம்பி வெளிய தெரியும். எறும்பு ஊரக் கல்லும் தேயும்னா, கல்லே உருண்டா கான்கிரீட் என்ன ஆகும்? ஜப்பான்ல அணைக்கு வர்ற மண்ணைச் சுத்தி அனுப்ப சுரங்கமே வச்சிருக்காங்க, ஆசாஹி அணையில 1998-ல இருந்து ஓடுது, அதுலயும் தரை தேய்ஞ்சு தேய்ஞ்சு ரிப்பேர் பாத்துக்கிட்டேதான் இருக்காங்க. தரைப்பாலத்து மேல் தளத்துல கம்பிக்கு மேல கான்கிரீட் கனம் கூட விடுங்க, கெட்டியான ஜல்லி போடுங்க. ஓட்டம் நேரா மோதுற விளிம்பை கூரா விடாம உருட்டி விடுங்க.

அக்டோபர் 25, மாலை 5.10

கீழ்ப்பக்கம் பத்தி முதல் நாளே கேட்டேன், யாரும் பெருசா எடுத்துக்கல. உண்மையில பாலத்தைக் கொல்றது அந்தப் பக்கம்தான்.

ரோட்டு மேல ஏறின தண்ணி கீழ்ப்பக்கம் வழியும்போது வேகம் எடுக்குது, விழுற இடத்துல தோண்டுது. மேல்பக்கம் திட்டா உக்காந்த கல்லு கீழ வராததால, அந்தத் தண்ணிகிட்ட இழுத்துட்டுப் போக சுமை இல்ல, மிச்ச சக்தி எல்லாம் தரையை அரிக்கத்தான் போகுது. இதைப் பத்தி கோண்டால்ஃப்ங்கிற ஆய்வாளர் 1997-ல எழுதின கட்டுரைக்கு பசித்த தண்ணின்னே தலைப்பு வச்சார். அவர் சொன்னது பெரிய அணைக்கும் மணல் குவாரிக்கும், நம்ம தரைப்பாலம் அதே வேலையை சின்ன அளவுல செய்யுது. லேன்னு ஒருத்தர் 1955-லயே இந்தச் சமநிலையை எழுதிட்டார், அதை ஒரு தராசா நினைச்சுக்கோங்க. ஒரு தட்டுல மண்ணோட அளவும் சைஸும், இன்னொரு தட்டுல தண்ணியும் சரிவும். மண்ணைக் குறைச்சா தராசு சாயும், ஓடை தரையைத் தோண்டி சரிவைக் குறைச்சு சமன் பண்ணிக்கும்.

ரெண்டு பக்கமும் தண்ணி மட்டம் ஏறி பாலம் முழுசா மூழ்கிட்டா சேதம் கம்மி. மேல்பக்கத்துக்கும் கீழ்ப்பக்கத்துக்கும் மட்ட வித்தியாசம் அதிகமா இருக்குற நேரம்தான் ஆபத்து, அதாவது தண்ணி அப்போதான் வழிய ஆரம்பிக்குறப்போ, அப்புறம் கீழ்ப்பக்கம் முதல்ல வடியுறப்போ. பெரிய வெள்ளத்துல தப்பிச்ச பாலம் நடுத்தர வெள்ளத்துல போச்சுன்னு ஆச்சரியப்படுறவங்களுக்கு இதுதான் பதில்.

இன்னொரு ஏமாத்து வேலை இருக்கு. வெள்ளம் உச்சத்துல தோண்டின பள்ளத்தை, வடியும்போது அதே ஓடை தளர்ந்த மணலைப் போட்டு மூடிடும். மறுநாள் வந்து பாத்தா தரை சமமா அழகா இருக்கும், "ஒண்ணும் ஆகல"ன்னு எழுதிட்டுப் போயிடுவாங்க. ஒரு நீளக் கம்பியை எடுத்து ஏப்ரன் (கீழ்ப்பக்கம் தண்ணி விழுற இடத்துல போட்ட கான்கிரீட் தளம்) விளிம்பை ஒட்டி குத்திப் பாருங்க. பழைய தரைன்னா கொஞ்சத்துல நங்குனு நிக்கும். புதுசா மூடினதுன்னா வெண்ணெய்ல இறங்குற மாதிரி இறங்கிக்கிட்டே போகும். எவ்வளவு இறங்குதோ அவ்வளவு ஆழம் அந்த ராத்திரி, அந்த விளிம்புல மண்ணுக்குள்ள இறக்கின உங்க தடுப்புச் சுவருக்குப் பக்கத்துல மண்ணே இல்லைன்னு அர்த்தம். 1987 ஏப்ரல்ல நியூயார்க்ல ஷோஹாரி ஓடைப் பாலம் விழுந்து 10 பேர் செத்ததும் அஸ்திவாரத்துக்கு அடியில இப்படி அரிச்சதாலதான், மேல நின்னு பாத்தா ஒண்ணும் தெரியாது.

அக்டோபர் 27, காலை 7.00

ஆதாரம் கேட்டவங்களுக்கு. ஒரு பாலத்துல மேலதிகாரி நம்பவே இல்ல, "பைப்ல தண்ணி தாராளமா போகுதே"ன்னார். சரின்னு ஓடையில இருந்தே கல்லு பொறுக்கி, முஷ்டி அளவு மஞ்சள், அதை விடப் பெருசு சிவப்புன்னு பெயின்ட் அடிச்சு, பாலத்துக்கு மேல கொஞ்ச தூரத்துல ஓடைக்குக் குறுக்க வரிசையா வச்சோம். கரையில ஒரு முளை அடிச்சு அடையாளம். நடுத்தரமா ஒரு வெள்ளம் வந்துச்சு, பாலத்துக்கு ஒரு கீறல் கூட இல்ல. போய் தேடினா மஞ்சள் கல்லு எல்லாம் பைப் வாய்க்கு முன்னாடி திட்டுல புதைஞ்சு கிடக்கு, ஒண்ணு கூட கீழ்ப்பக்கம் வரல. சிவப்புல பாதி இடத்தை விட்டே அசையல. பைப் வழியா போனது மணல் மட்டும். அதிகாரி திட்டுல உக்காந்து அவரே கையால தோண்டி மஞ்சள் கல்லை எடுத்தார், அதுக்கப்புறம் பேச்சே வேண்டியிருக்கல.

பெயின்ட் டப்பா ஒண்ணு, ஒரு காலை நேரம், அவ்வளவுதான் செலவு. தண்ணியில கரையாத பெயின்ட் போடுங்க, சுத்தி எல்லாப் பக்கமும் அடிங்க, கவுந்து கிடந்தா தெரியணும்.

அக்டோபர் 28, இரவு 9.15

இப்போ பைப் சைஸுக்கு வர்றேன், கேட்டவர் பொறுமையா காத்திருக்கார்.

பெரிய பைப் நல்லதுதான். விட்டம் ரெண்டு மடங்கானா, அதே சரிவுல நிரம்பி ஓடினா, ஆறு மடங்குக்கு மேல தண்ணி போகும். அதாவது 120 செ.மீ பைப் ஒண்ணு, 60 செ.மீ பைப் ஆறுக்கு சமம். ஆனா என்னைப் பொறுத்தவரை அதை விட முக்கியம் வேற. ஆறு சின்ன பைப்புக்கு நடுவுல அஞ்சு சுவர் இருக்கு, ஒவ்வொண்ணும் கட்டையைப் பிடிக்குற கை. அதோட ஆறு பைப்பை பரத்தி வைக்க ஓடையை அகலப்படுத்துவாங்க, அகலமானா ஆழம் குறையும், ஆழம் குறைஞ்சா இழுக்குற விசை குறையும், ஓரத்து பைப் ரெண்டும் முதல் வருஷமே மண்ணு மூடிடும். உங்க நாலு பைப்ல எத்தனை உண்மையா ஓடுதுன்னு போய் பாருங்க.

ஓடை கரை ததும்ப ஓடுறப்போ என்ன அகலமோ அதை விடக் குறையாத ஒரே திறப்பு, அடியில கான்கிரீட் தரைக்குப் பதிலா ஓடையோட கல்லுத் தரையே தொடர்ந்து போறது, இதுதான் கல்லுக்கும் வழி விடும். 2011-ல ஐரீன் புயல் அமெரிக்காவுல வெர்மான்ட் மாநிலத்தைத் தாக்கினப்போ நூத்துக்கணக்குல சிறுபாலங்கள் போச்சு, அங்க பச்சை மலை தேசிய வனத்துல இந்த முறையில கட்டின கிராசிங் ஒன்றிரண்டு சேதமில்லாம நின்னுச்சு. மீன் ஏறிப் போகணும்னு யோசிச்சுக் கட்டினது அது. மீனுக்கு விட்ட வழியில கல்லும் போயிடுச்சு.

நவம்பர் 1, காலை 10.45

"அப்போ தரைப்பாலமே வேணாம், எல்லாத்தையும் இடிச்சுட்டு உயரப் பாலம் கட்டுங்க"ன்னு ஒரு கட்சி உருவாகியிருக்கு. ரெண்டு நாளா யோசிச்சேன், ஒத்துக்க முடியல.

கல்லு நிறைய வர்ற, படுகை ஏறி இறங்குற, பக்கவாட்டுல இடம் மாறுற ஓடைக்கு, நல்லா போட்ட தரைப்பாலம்தான் பொருத்தம். பைப்பே இல்லாம, ஓடைத் தரை மட்டத்துலயே கான்கிரீட் பலகை போட்டா அடைக்க வாயே கிடையாது, கல்லு மேல உருண்டு போயிடும். வெள்ளத்துல சில மணி நேரம் போக்குவரத்து நிக்கும், மேல சேர்ந்த மண்ணை வாரிட்டுத் திறந்துடலாம். மாட்டிக்குறது நடுவாந்தரமா கட்டினதுதான். பாதி உயரம் மேடு, உள்ள சின்ன பைப், மேல கைப்பிடிச் சுவர் வேற. அது உண்மையில குறுக்கணை. மேட்டுக்குள்ள திறப்போட பரப்பு, ஓடையோட குறுக்குப் பரப்புல எத்தனை பங்குன்னு பாருங்க. பங்கு குறைய குறைய கல்லு சேரும், கீழ பள்ளம் கூடும். கைப்பிடிச் சுவரை எடுத்துட்டு ஆழம் காட்டுற குட்டைக் கம்பம் நடுங்க, சுவர்ல தங்குற கட்டை கம்பத்துல நழுவிடும்.

எந்த வகையானாலும் ஒரு விஷயத்துல நான் விட்டுக்கொடுக்க மாட்டேன். ரோட்டோட நீளவாட்டுல ரொம்பத் தாழ்வான புள்ளி கான்கிரீட் நடுவுல இருக்கணும், ரெண்டு பக்கமும் அங்கிருந்து ஏறிப் போகணும். வழிஞ்ச தண்ணி வழிஞ்ச ஓடைக்கே திரும்பி விழணும். ரோடு ஒரு பக்கமா இறங்கிக்கிட்டே போனா, அடைச்ச ஓடை ரோட்டையே வாய்க்காலா எடுத்துக்கிட்டு ஓடி, ஓடையே இல்லாத இடத்துல புதுப் பள்ளம் வெட்டும். ஒரு பாலம் போச்சுன்னு நினைச்சுப் போய், அரை கிலோமீட்டர் ரோடு இல்லாம நின்ன அனுபவம் இருக்கு.

நவம்பர் 3, இரவு 8.20

மேல மலையில மண்சரிவு ஏற்பட்ட ஓடை பத்தி ஒருத்தர் கேட்டார். கல்லு ஒரே வெள்ளத்துல வந்து முடியாது. கில்பர்ட்னு புவியியலாளர் 1917-ல கலிஃபோர்னியா தங்கச் சுரங்கக் கழிவு பத்தி அறிக்கை எழுதினார். தண்ணியைப் பீய்ச்சி மலையைக் கரைக்குற முறையை 1884-ல நீதிமன்றம் நிறுத்தினது, ஆனா ஆத்துக்குள்ள போன மண்ணு அலை மாதிரி பல பத்தாண்டு கீழ நகர்ந்துக்கிட்டே இருந்தது, படுகை முதல்ல ஏறி அப்புறம் இறங்குச்சு. மண்சரிவு விழுந்த ஓடையிலயும் சின்ன அளவுல அதேதான். இன்னைக்கு இருக்குற தரை மட்டத்தை நம்பி பக்கா பாலம் போட்டா, சில வருஷத்துல அது புதைஞ்சிடலாம், இல்ல அடி தெரிய தொங்கலாம். அங்கெல்லாம் முதல்ல பலகை மட்டும் போட்டு ஓட்டுங்க, தரை நிலைச்ச பிறகு பெருசைப் பத்தி பேசலாம்.

நவம்பர் 6, காலை 6.50

கொஞ்சம் விலகின விஷயம், ஆனா சொல்லாம இருக்க முடியல. தண்ணி ஓடுற தரைப்பாலத்துல வண்டி இறக்காதீங்க. ஓடுற தண்ணி 15 செ.மீ இருந்தாலே ஆளைத் தள்ளும், 30 செ.மீ-ல சின்னக் கார் மிதக்க ஆரம்பிக்கும், 60 செ.மீ பெரும்பாலான வண்டிகளை இழுத்துட்டுப் போகும். ஆழத்தை விட மோசம், கலங்கின தண்ணிக்கு அடியில ரோடு இருக்கா இல்லையான்னே தெரியாது. கீழ்ப்பக்கம் அரிச்சு பலகைக்கு அடியில காலியா இருக்கலாம், வெறும் பலகை தண்ணியில அசையாம நிக்கும், வண்டி எடை ஏறினதும் உடையும். வடிஞ்ச பிறகும் கம்பி குத்திப் பாக்காம கனரக வண்டி விடாதீங்க.

நவம்பர் 9, மாலை 6.40

கேட்டவர் போய் அளந்துட்டு வந்திருக்கார், ரொம்ப சந்தோஷம். நாலு பைப்ல ரெண்டு முழுசா மண்ணு. கீழ்ப்பக்கம் கம்பி ஒன்றரை மீட்டர் இறங்குது, தடுப்புச் சுவர் ஆழம் ஒரு மீட்டர்தான். ரோட்டோட தாழ்வான இடம் இடது கரை ஏத்தத்துல, கான்கிரீட்டை விட ஒரு சாண் கீழ. இந்த மூணும் சேர்ந்தா வேற எதையும் தேட வேண்டியதில்ல.

புதுப் பாலத்துக்கு ஒப்புதல் வர்ற வரைக்கும் செய்யக்கூடியது இது. இடது ஏத்தத்தை உயர்த்தி, தாழ்வுப் புள்ளியை கான்கிரீட் மேல கொண்டுவாங்க. கீழ்ப்பக்கம் தளர்ந்த மணலை எடுத்துட்டு, முதல்ல ஜியோ டெக்ஸ்டைல் துணி (தண்ணியை விட்டு மண்ணைப் பிடிக்குற துணி), இல்லைன்னா மணலும் சரளையும் அடுக்கா வடிகட்டி, அதுக்கு மேல பெரிய கோணல் கல்லு போடுங்க. வடிகட்டி இல்லாம கல்லை நேரா மணல் மேல கொட்டினா, கல்லு இடுக்கு வழியா மணலை தண்ணி உறிஞ்சி எடுத்துடும், கல்லு மொத்தமும் உள்ள இறங்கிடும். கல்லு சைஸுக்கு நான் முன்னாடி சொன்ன 13 கணக்கைப் போட்டு, வர்ற விட்டத்துக்கு ரெண்டு மடங்காவது எடுங்க, வழிஞ்சு விழுற இடத்துல ஓடையை விட வேகம் அதிகம். உருண்டைக் கூழாங்கல்லு வேணாம், ஒண்ணோட ஒண்ணு கடிச்சு நிக்காது. அப்புறம், மண்ணு மூடின அந்த ரெண்டு பைப்பைத் திறக்க ஆள் விட்டா, எடுக்குற கல்லை அங்கேயே அளவு பிரிச்சு வைக்கச் சொல்லுங்க, பெருசு கீழ்ப்பக்கத்துக்கு ஆகும், பொடி வடிகட்டி அடுக்குக்கு ஆகும்.